நோ கேரியர்

கடவுள் பதில் சொல்வதில்லை, அதனால் அவர் இல்லை என்பான் என் தம்பி. விண்டோஸ் 98 காலத்தில் மோடம் பழுது பார்த்தவன் நான். அந்த ‘அதனால்’ எனக்கு உறுத்தும்.

போன் லைன் வழியே இணையம் வரவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் டயல் டோன் இருக்கிறதா என்று கேட்பேன். அதே லைனில் உள்ள இன்னொரு போனைக் கழற்றுவேன். ஏனென்றால், இணையும்போது எழும் கீச்சொலியில் இரு முனை மோடங்களும் லைனின் இரைச்சலை அளந்து, 56 கே வேகம் முடியாவிட்டால் 33.6-க்கோ அதற்கும் கீழோ இறங்கி ஒத்துப்போகும். அதுவும் முடியாவிட்டால் ஹைப்பர்டெர்மினல் என்ற நிரலின் திரையில் ‘நோ கேரியர்’ என்று வரும்.

அழைப்பை எடுத்த முனையில் மோடமே இல்லாவிட்டாலும் அதே சொற்கள்தான். எது காரணம் என்றறிய வேறொரு எண்ணை டயல் செய்து பார்ப்பேன். கடவுள் விஷயத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே மௌனத்தைச் சாட்சியாக்கித் தம்பியும் ஜெயிக்க முடியாது, நானும் ஜெயிக்க முடியாது. என்னால் ஆனது, என் பக்கத்து இரைச்சலைக் குறைப்பதுதான்.