இல்லமே பணியிடமாகும்போது

கர்மயோகம் என்றதும் போர்க்களம், அலுவலகம், வயல்வெளி என்று வீட்டுக்கு வெளியே உள்ள உலகமே பலருடைய நினைவுக்கு வருகிறது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, எண்ணற்ற இல்லங்களில் கூடமும் படுக்கையறையும் அலுவலகங்களாக மாறின. ஊரடங்கு நீங்கிய பின்னரும், வாரத்தில் சில நாட்களேனும் வீட்டிலிருந்தே பணிபுரிபவர்கள் பலர் உள்ளனர்.

தொடக்கத்தில் இது ஒரு வரமாகவே தோன்றியது. பேருந்து நெரிசல் இல்லை. மேலதிகாரியின் பார்வை இல்லை. ஆனால் சில மாதங்களிலேயே ஒரு விசித்திரமான சோர்வு தலைகாட்டியது. காலையில் தொடங்க வேண்டிய பணி மாலைக்குத் தள்ளிப்போகிறது. மாலைப் பணி நள்ளிரவைத் தொடுகிறது. வேலையும் முழுமையாக நடப்பதில்லை, ஓய்வும் முழுமையாகக் கிடைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் குற்றவுணர்வு வந்து அமர்ந்துகொள்கிறது. முன்பு உற்சாகமாக உழைத்தவர்களே, ‘எனக்கு என்ன ஆயிற்று?’ என்று தம்மைத் தாமே நொந்துகொள்கின்றனர்.

சாதகனுக்கு இந்த நிலை புதியதன்று. தனியறையில் ஜபத்துக்கு அமர்பவன் சந்திக்கும் இடரும் இதுவே. அங்கும் பார்ப்பவர் இல்லை; பாராட்டுபவர் இல்லை; எழுந்து சென்றால் கேட்பவர் இல்லை. எனவே தியானத்துக்குச் சொல்லப்பட்ட மருந்து இந்தச் சோர்வுக்கும் பொருந்தும்.

ஊக்கம் என்பது எது?

திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து அமைத்துள்ளார். முதலில் உள்ளத்தின் எழுச்சி. அடுத்து அதை அரிக்கும் சோம்பலை விலக்குதல். அதன்பின் இடையறாத முயற்சி. ஊக்கம் தோன்றிவிட்டால் மட்டும் போதாது, அதைக் காக்கவும் வேண்டும், செயலாக்கவும் வேண்டும் என்பதை இந்த வரிசையே உணர்த்துகிறது.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் சாத்விகமாகச் செயல்படுபவனின் இலக்கணத்தைக் கூறுகிறது. அதில் மனவுறுதியும் உற்சாகமும் இணைத்தே பேசப்படுகின்றன. பற்றின்மையும் அகந்தையின்மையும் அவற்றுடன் இடம்பெறுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. பற்று இல்லாவிட்டால் உற்சாகம் எங்கிருந்து வரும் என்று உலகம் கேட்கிறது. பற்றினால் வரும் உற்சாகம், பலன் தாமதமானதும் வாடிவிடும் என்பதே கீதை காட்டும் உண்மை. பாராட்டை உண்டு வளர்ந்த ஊக்கம் பாராட்டு நின்றதும் பட்டினி கிடக்கிறது. வீட்டுத் தனிமை அந்தப் பட்டினியை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது.

மட்டாஞ்சேரியில் ஓர் ஊசியும் நூலும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில், கொச்சி மன்னர்களின் அரண்மனையும் பழையன்னூர் பகவதி ஆலயமும் அமைந்த வளாகத்தை ஒட்டியே, 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் நிற்கிறது. அந்த ஆலயத்துக்குச் செல்லும் தெருவில் வாழ்ந்தவர் சாரா கோஹன் அம்மையார். தம் வீட்டின் முன்பகுதியிலேயே கையால் பூவேலை செய்த துணிகளை விற்கும் சிறு கடையை அவர் நடத்திவந்தார். வழிபாட்டின்போது யூத ஆண்கள் அணியும் சிறு தொப்பிகள், மேசை விரிப்புகள், ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகள் ஆகியவை அங்கே கிடைத்தன.

1948-இல் இஸ்ரேல் நாடு உருவான பின், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் படிப்படியாக அங்குக் குடிபெயர்ந்தனர். தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 1999-இல் கணவர் ஜேக்கப் கோஹன் காலமானார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. வழிபாட்டுக்கான துணியில் பூவேலை செய்கிறோம், ஆனால் அதனைப் பயன்படுத்த வேண்டிய உறவினரும் அண்டை வீட்டாரும் கடல் கடந்து போய்விட்டனர். இத்தகைய நிலையில் ஊசியைக் கீழே வைத்துவிட ஒருவருக்கு எத்தனை காரணங்கள் வேண்டும்? இருந்தும் அந்தக் கடை மூடப்படவில்லை. முதுமையில் அதன் பொறுப்பை ஓர் இஸ்லாமிய நண்பர் ஏற்றுக் கவனித்தார். 2019 ஆகஸ்ட் 30 அன்று அம்மையார் தமது 96-ஆம் வயதில் மறையும்வரை, அந்த வீடு வாழிடமாகவும் பணியிடமாகவும் விளங்கியது.

தொப்பியும் ரொட்டி மூடும் துணியும் இறைவனை நினைக்கும் நேரத்துக்கு உரியவை. செய்யும் பொருள் யாருக்காக என்பது தெளிவாக இருந்தால், சுற்றியுள்ள தெரு வெறிச்சோடினாலும் கைகள் ஓய்வதில்லை.

காண்பவன் ஒருவன் உண்டு

மகாபாரதத்தின் வனபர்வத்தில் கௌசிகர் என்ற தவசியின் வரலாறு வருகிறது. தம்மீது எச்சமிட்ட கொக்கைச் சினந்து பார்த்தே வீழ்த்தியவர் அவர். பிச்சைக்குச் சென்ற இடத்தில், கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஓர் இல்லத்தரசி அவரைக் காத்திருக்கச் செய்தாள். அவர் சினந்தபோது, காட்டில் யாரும் அறியாமல் நடந்த கொக்கின் நிகழ்ச்சியை அவளே எடுத்துரைத்தாள். பின்னர் மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதரிடம் தர்மத்தைக் கேட்டறியுமாறு அனுப்பினாள்.

அந்தப் பெண் காட்டுக்குச் செல்லவில்லை; கடுந்தவம் புரியவில்லை. நான்கு சுவர்களுக்குள், சான்றிதழ் தருவார் எவருமின்றி, நாள்தோறும் செய்த கடமையே அவளுக்கு ஞானத்தைத் தந்தது. கௌசிகரோ தவம் செய்தும், தம்மை மதியாதவர்மீது சினம் கொண்டார். பிறர் பார்வைக்காகச் செய்யும் தவத்தைவிட, இறைவனின் பார்வையில் செய்யும் வீட்டு வேலை உயர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் சாரம். மேலதிகாரி காணாத இடத்திலும் அந்தர்யாமியாகிய இறைவன் சாட்சியாக இருக்கிறான். இந்த எண்ணம் அச்சமூட்டும் கண்காணிப்பு ஆகிவிடக் கூடாது. அருகில் தாய் அமர்ந்திருக்கக் குழந்தை விளையாடுவது போன்ற துணிவை அது தர வேண்டும்.

ஓய்வும் ஓர் ஒழுக்கம்

சோம்பல் மட்டுமே பகை என்று எண்ணுவதும் தவறு. வீட்டிலிருந்து பணிபுரிவோரில் பலர் நிறுத்தத் தெரியாமல் தவிக்கின்றனர். உணவு மேசையிலும் கைப்பேசி. குழந்தை பேசும்போதும் கண் திரையில். தமோகுணத்துக்கு அஞ்சி ரஜோகுணத்தின் பிடியில் விழுவது விடுதலை ஆகாது. உணவு, உழைப்பு, உறக்கம், விழிப்பு அனைத்திலும் அளவு காப்பவனுக்கே யோகம் கைகூடும் என்பது கீதை ஆறாம் அத்தியாயத்தின் கருத்து. யூத மரபில் வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை வேலைக்கு இடமில்லை. சாரா அம்மையாரின் கடையில் விற்ற ரொட்டித் துணிகள் அந்த ஓய்வுநாளுக்கு உரியவை. உழைப்பு ஓய்வைப் போற்றியது. ஓய்வு உழைப்பைத் தூய்மையாக்கியது.

நாள்தோறும் செய்யத்தக்கவை

முதலாவது, இடமும் நேரமும். பூஜைக்கு ஒரு மூலை இருப்பதுபோல் பணிக்கும் ஒரு மூலை வேண்டும். நீராடி, உடை மாற்றி, ஒரு நிமிடப் பிரார்த்தனையுடன் அங்கே அமர்வது மனத்துக்குத் தெளிவான அழைப்பாகும். இரண்டாவது, சிறு சங்கல்பம். மலைபோல் குவிந்த பணியை எண்ணி மலைப்பதைவிட, அடுத்த ஒரு மணி நேரத்துக்கான கடமையை மட்டும் ஏற்றுக்கொள்வது நல்லது. மூன்றாவது, சமர்ப்பணம். மாலையில் குறிப்பிட்ட நேரத்தில் எழுந்து, செய்ததையும் செய்யாமல் விட்டதையும் இறைவன் திருவடியில் வைத்துவிட வேண்டும்.

நான்காவது, கூட்டுறவு. 1959-இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனுடன் தொடங்கிய முயற்சியே லிஜ்ஜத் அப்பள நிறுவனமாக வளர்ந்தது. பிசைந்த மாவை நிலையத்தில் பெற்று, வீட்டில் அப்பளம் இட்டு, மறுநாள் கொண்டுவந்து தருவது அதன் உறுப்பினர்களின் வழக்கம். வேலை வீட்டில்தான் நடக்கிறது. ஆயினும் சகோதரிகளைச் சந்திக்கும் வாய்ப்பு அதனைத் தாங்கி நிற்கிறது. தனித்துப் பணிபுரிபவர் ஒத்த மனமுடையோருடன் பேசவும், வாரம் ஒருமுறையேனும் சத்சங்கத்தில் அமரவும் தவறக் கூடாது.

இவ்வளவு செய்தும் சில நாட்களில் மனம் தளரலாம். அன்று தன்னை நிந்திப்பதால் பயனில்லை. மனம் நழுவிய ஒவ்வொரு முறையும் அதனை மெல்ல அழைத்துவந்து மந்திரத்தில் நிறுத்துவதே ஜபம். பணியிலும் அவ்வாறே. மீண்டும் அமர்வதே வெற்றி. அப்படி மீண்டும் மீண்டும் அமர்பவனின் இல்லத்தில், கணினி வைத்த சிறு மேசையும் காலப்போக்கில் ஒரு வழிபாட்டுப் பீடமாகிவிடும்.