‘எனக்கு வரைய வராது’ என்னும் பொய்

ஒரு பேனாவை எடுத்து ‘ஞ’ என்று எழுதிப் பாருங்கள். எத்தனை வளைவு, எத்தனை திருப்பம்! கோடு எங்கே சுழிய வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எத்தனை கணக்கு! ஐந்து வயதில் சிலேட்டில் அழித்து அழித்துப் பழகிய உருவம் அது. இன்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறீர்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் ‘எனக்கு வரைய வராது’ என்கிறீர்கள்.

உங்கள் அம்மாவும் அதைத்தான் சொல்வார். விடியற்காலையில் வாசலில் குனிந்து, பதினைந்து புள்ளி வைத்து, ஒரே இழையில் சிக்குக்கோலத்தைச் சுற்றி வளைத்துத் தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுவந்து முடிக்கும் அம்மா! ‘எனக்கு எங்கே வரையத் தெரியும்?’ என்று சிரிப்பார். அதை அடக்கம் என்று நினைத்துக் கடந்து போகிறோம். எனக்கோ கோபம் வருகிறது. அவருடைய விரல்களைப் பற்றி அவரிடமே பொய் சொன்னது யார்?

பெரும்பாலும் ஒரு வகுப்பறைதான். ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கும் பள்ளிகளில், நன்றாக வரையும் இரண்டு பிள்ளைகளை மட்டும் சார்ட் எழுதவும் ஆண்டு விழாவுக்குப் படம் போடவும் கூப்பிடுவார்கள். மீதி ஐம்பது பேர் கைதட்ட. பத்து வயதில் எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பை நாற்பது வயதிலும் மேல்முறையீடு செய்யாமல் சுமந்துகொண்டிருக்கிறோம். ஓவியம் கைக்குப் பழகி வருவது என்று ஔவையின் பாட்டில் ஒப்பித்த அதே பள்ளியில்தான் அந்தத் தீர்ப்பையும் வாங்கினோம். ஒப்பித்ததை மறந்தோம், தீர்ப்பை நம்பினோம்.

பிறவித் திறமை என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. பூனையைப் பூனையாகவே வரைந்துவிடும் சின்னக் குழந்தையை நான் மறுக்கவில்லை. சிலர் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், சிலருக்கு நாளாகிறது. ஆனால் பிறவி மேதைக்குச் சாட்சியாகப் பிக்காசோவை நிறுத்துகிறவர்கள், அவருடைய அப்பா ஹோசே ரூயிஸ் ஸ்பெயினின் மலாகா நகரில் ஓவியம் கற்பித்த ஆசிரியர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஏழு வயது வாக்கிலேயே மகனை உட்காரவைத்து முறையாகப் பழக்கியவர் அவர். மேதைமை இருந்தது, உண்மை. அதற்குப் பென்சில் பிடிக்கச் சொல்லித்தர வீட்டிலேயே ஒரு வாத்தியாரும் இருந்தார்.

நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் வேறு. 1880-ஆம் ஆண்டு. பெல்ஜியத்தில் போரினாஜ் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறான் 27 வயது இளைஞன் ஒருவன். ஓவியம் விற்கும் நிறுவனத்தில் 16 வயதில் சேர்ந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பின் வேலையை இழந்தவன். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர் வேலை, பிறகு புத்தகக் கடை, பிறகு இறையியல் படிப்பு. எதுவும் நிலைக்கவில்லை. சுரங்கத் தொழிலாளர்களிடையே ஊழியம் செய்ய வந்தான். சபை அவனுக்குப் பணி நீட்டிப்புத் தரவில்லை. கையில் காசில்லை. குடும்பத்துக்கு அவன் பெரிய கவலை. அந்த நிலையில்தான் ஓவியனாவது என்று முடிவு செய்கிறான் வின்சென்ட் வான்கோ.

முடிவு செய்தவுடன் தூரிகையிலிருந்து தேன் சொட்டிவிட்டதா? அந்த ஆண்டு அவர் வரைந்த சுரங்கத் தொழிலாளர் படங்களைப் பாருங்கள். பனியில் நடந்து போகும் அந்த மனிதர்களின் உடல் விறைத்துக் கிடக்கிறது. அந்தத் தாளை மட்டும் காட்டி ‘இவன் தேறுவானா?’ என்று கேட்டிருந்தால், நம்மில் பலர் உதட்டைப் பிதுக்கியிருப்போம்.

அவர் செய்தது என்ன? ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் மாணவர்களுக்காகத் தயாரித்த பயிற்சிப் படங்களை இரவல் வாங்கினார். தாள் தாளாகப் பார்த்து வரைந்தார். தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதி, ஓவியர் மில்லேயின் உழவர் படங்களின் அச்சுப் பிரதிகளை வரவழைத்து, விதைக்கும் மனிதனைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பள்ளிப் பிள்ளை காப்பி நோட்டு எழுதுவானே, அப்படி! 27 வயது ஆண்மகன், ஊரார் பார்க்க, கூச்சமில்லாமல் காப்பி நோட்டு எழுதினார். 1890-இல், தம் கடைசி ஆண்டில், அதே பார்க்கின் பயிற்சிப் படங்களை மறுபடியும் கையில் எடுத்தார் என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ‘நட்சத்திர இரவு’ ஓவியத்தை வரைந்து முடித்துவிட்ட கை அது! அரிச்சுவடிக்குத் திரும்ப அது வெட்கப்படவில்லை.

1882-இல் ஹேக் நகரில் ஒரு மரச் சட்டம் செய்வித்தார். சட்டத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, அதன் வழியே கடற்கரையையும் வயலையும் பார்த்து, எது எங்கே இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து வரைந்தார். அருளால் மட்டுமே வரைகிறவனுக்கு நூல் கட்டிய சட்டம் எதற்கு? 1885-இல் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்துக்கு முன்னால், அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுமார் 40 உழவர் முகங்களைத் தீட்டிப் பழகினார். அப்படியும் அந்தப் படத்தை நண்பர் ராப்பார்ட் கடுமையாகக் குறை சொல்லி எழுதினார். வான்கோ அந்தக் கடிதத்தை அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அடுத்த ஆண்டு ஆண்ட்வெர்ப் கலைப் பள்ளி அவரைத் தொடக்க வகுப்பில் போடத் தீர்மானித்தது. அதற்குள் அவர் பாரிஸ் போய்விட்டார். 37 வயதில் இறக்கும்போது, பத்தே ஆண்டுகளில் அவர் விட்டுச்சென்ற படைப்புகள் 2,000-க்கும் மேல்; அவற்றில் ஆயிரத்துக்கும் அதிகமானவை வெறும் கோட்டோவியங்கள்.

‘அவர் வான்கோ, நான் யார்?’ என்கிறீர்களா? நீங்கள் வான்கோ ஆவீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆவேசமும் அந்தத் தனிமையும் எல்லோருக்கும் வாய்ப்பதல்ல. ஆனால் எதிரில் இருக்கும் ஒரு பொருளை, பார்க்கிறவர் ‘ஆமாம், இதேதான்’ என்று சொல்லும்படி தாளில் இறக்குவது மேதைகளின் தனிச்சொத்தல்ல. கற்றுத் தரக்கூடியது, கற்றுக்கொள்ளக்கூடியது. அதை உங்களிடமிருந்து பறிக்க எவருக்கும் உரிமை இல்லை. உங்களுக்கே உரிமை இல்லை!

கோளாறு எங்கே என்று சொல்கிறேன். நம் ஊரில் எந்தக் குழந்தையிடமும் ‘இயற்கைக் காட்சி’ வரையச் சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், நாலு கோட்டில் ஒரு வீடு, பக்கத்தில் தென்னை, வளைந்து வரும் ஆறு. மலையே இல்லாத தஞ்சாவூர்ப் பிள்ளையும் அதைத்தான் வரையும். அது பார்த்து வரைந்த படமே இல்லை. மனத்தில் பதிந்த அடையாளம். பெரியவர்களான பிறகும் அதையே செய்கிறோம். ஒரு முகம் வரையுங்கள். கண்களை நெற்றிக்குப் பக்கத்தில், மேலே தூக்கி வைத்திருப்பீர்கள். இப்போது கண்ணாடி முன் நின்று, தலை உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்து பாருங்கள். கண்கள் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் தினமும் பார்த்த முகம்!

டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதையே கேட்டார்கள்: பார்ப்பதை அப்படியே வரைய ஏன் பெரும்பாலோரால் முடிவதில்லை? கையின் ஆற்றல் குறைவு அதற்குப் பெரிய காரணமாக நிற்கவில்லை. பொருளைத் தவறாகப் பார்ப்பதே முதன்மையான காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள். உங்கள் கை குற்றவாளி அல்ல என்று இதைவிட யார் சொல்ல வேண்டும்? ‘ஞ’ எழுதிய கை எந்தக் கோட்டையும் இழுக்கும். கண்ணைத்தான் பழக்க வேண்டும்.

‘பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அந்த எண் பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களைப் பற்றிய 1993-ஆம் ஆண்டு ஆய்விலிருந்து கிளம்பி ஊர் சுற்றி வந்தது. அதைப் பார்த்து மலைக்காதீர்கள். மனப்பாடமான அந்த இரண்டு மலையை ஆயிரம் தடவை வரைந்தாலும் மலை வராது. வரைந்ததைப் பொருளோடு ஒட்டிப் பார்த்து, எங்கே பிசகியது என்று கண்டுபிடித்து, அடுத்த தாளில் அதைத் திருத்த வேண்டும். அப்படிச் செலவிடும் அரை மணி நேரம் போதும், நேற்று தெரியாத ஒன்று இன்று கண்ணில் படும்.

இன்றிரவே தொடங்குங்கள். அடுப்படியிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேசைமேல் வையுங்கள். வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்ததை மறந்துவிடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அது நீள்வட்டமாகத்தான் தெரியும். எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டம்? ஒரு கண்ணை மூடி, பென்சில் பிடித்த கையை முழங்கை மடங்காமல் நீட்டி, அகலத்தையும் உயரத்தையும் பென்சிலில் கட்டைவிரலால் குறித்து ஒப்பிடுங்கள். அடிப்பாகத்தை நேர்கோடாக வரையக் கை துடிக்கும், டம்ளர் மேசையில் சமமாக உட்கார்ந்திருக்கிறது என்று மூளை அடம்பிடிக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள்! உற்றுப் பாருங்கள். அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைந்திருக்கும். கண்மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் விரிந்து தெரியும். அந்த வளைவை நீங்களாகக் கண்டுபிடித்துத் தாளில் போடும் நொடியில் உங்களுக்குள் ஒன்று நிமிர்ந்து உட்காரும் பாருங்கள், அதற்குப் பிறகு எந்த வாத்தியார் வந்து ‘உனக்கு வராது’ என்றாலும் நம்ப மாட்டீர்கள்.

டம்ளர் சலித்துப்போனால் நீங்கள் வரையாத கை சும்மாதானே கிடக்கிறது? அதை மடித்து மேசைமேல் வைத்து வரையுங்கள். கூலி கேட்காத மாடல் அது. விரல்கள் தடிக்கும், கட்டைவிரல் இடம் மாறும். கிழிக்காதீர்கள். அழிக்கவும் வேண்டாம். மூலையில் தேதி போடுங்கள். எந்தக் கணு தவறான இடத்தில் விழுந்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். நாளைக்கு அதே கையை அதே மாதிரி வைத்து, அந்தக் கணுவிலிருந்து ஆரம்பியுங்கள்.