நீர் வேண்டாத நாள்

விடிகிறது. ஹந்தானை மலை இன்னும் பனிக்குள்.

இலை நுனியில் ஒரு துளி. மழை அறைக்குள் வருவதில்லை. இரவில் வேர் குடித்த நீர் இது. ஈரக்காற்றில் ஆவியாக முடியாதது நுனிவழி வருகிறது.

துளி கனக்கிறது. விழுகிறது. அடுத்தது ஊறுகிறது.

*

கிழக்கு யன்னல். வெயில் நேரே படாத தூரத்தில் சாடி.

பெருமரங்களின் அடியில் வளர்ந்த இனம். இலைகளுக்கு ஊடாக வரும் வெளிச்சம் போதும். நேர்வெயிலில் ஓரம் கருகும். இருட்டில் காம்பு நீண்டு தளரும்.

இலை ஒளியின் பக்கம் சாய்கிறது. சாடி கொஞ்சம் திரும்புகிறது. இலை மறுபடி சாய்கிறது, தன் வேகத்தில்.

*

விரல் மண்ணுக்குள். மேலே உலர்வு. சற்று ஆழத்தில் குளிர்ச்சி.

இன்று நீர் வேண்டாம்.

கை செம்பை நோக்கிப் போகிறது. போவது தெரிகிறது. நிற்கிறது.

*

வெளியே வாய்க்காலில் சேம்பு. வேர் முழுதும் சேற்றில், இலை முழுதும் காற்றில்.

சாடியில் இருப்பது அலொகேசியா. தேங்கும் நீரில் இதன் கிழங்கு அழுகும். தும்புத்தூள், மணல், இலைமக்கு. நீர் நுழைகிறது, அடியால் வழிகிறது.

ஒரே குடும்பம். வேறு வேறு தாகம்.

*

ஈரத்துணி. ஒரு கை இலைக்கு அடியில். மற்றது நரம்பின் வழியே மெல்லப் போகிறது. தூசி துணிக்கு வருகிறது. பச்சை ஆழமாகிறது.

பிறகு அடிப்பக்கம். மாசி வறட்சியில் செஞ்சிலந்திப் பேன் அங்கேதான் கூடும். சிறு புள்ளிகள். மெல்லிய வலை.

இன்று ஒன்றுமில்லை. முகம் இலைக்கு அருகே. மூச்சு போய்த் திரும்புகிறது.

*

காம்பு ஒன்று முறிகிறது. சாறு விரலில். அரிப்பு.

கல்சியம் ஒட்சலேற்றின் ஊசிப்படிகங்கள். தின்ன வரும் வாய்க்கு எதிராகச் செடி வைத்திருப்பது. குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் சாடி.

சவர்க்காரம். ஓடும் நீர். அரிப்பு இருக்கிறது. குறைகிறது. எப்போது போனது என்று தெரியவில்லை.

*

பேராதனைப் பூங்கா. 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கியது. மகாவலி வளைந்து அதைச் சுற்றிப் போகிறது.

ஆற்றுப்பக்கக் காற்றில் ஈரம். தோலில் அது முதலில் தெரிகிறது. பிறகு தெரிவதில்லை.

ஈரநிலத்தில் பெருஞ்சேம்பு ஆள் உயரத்துக்கு மேல் வளரும். யாரும் நீர் விடுவதில்லை. யாரும் துடைப்பதில்லை.

*

மழை. தோட்டத்துப் பிள்ளைகள் சேம்பிலையைத் தலைக்குப் பிடித்தபடி லயத்துப் பக்கம் ஓடுகிறார்கள்.

இலையில் நீர் ஒட்டுவதில்லை. உருண்டு, சேர்ந்து, விளிம்பில் நழுவுகிறது. நனைந்ததாக இலையில் அடையாளம் இல்லை.

பிள்ளைகளின் தோள் நனைகிறது. சிரிப்பு தூரமாகிறது.

*

எசல மாத இரவு. தலதா மாளிகைப் பக்கம் மேளம். யானைகள் நடக்கும் நேரம்.

சத்தம் சுவரில் படுகிறது, நெஞ்சில் படுகிறது. இலையிலும் படுமோ.

இலை அசையவில்லை. அசைந்திருந்தாலும் இந்த வெளிச்சத்தில் தெரியாது.

*

மூத்த இலை மஞ்சளாகிறது. புதியது காம்பின் உறைக்குள் சுருண்டபடி.

பழையதில் இருக்கும் சத்து செடிக்குள் திரும்பிப் போகிறது. இப்போதே வெட்டினால் அறை அழகாகும். விட்டால் செடி தன்னுடையதை எடுத்து முடிக்கும்.

கத்தரி மேசையில் இருக்கிறது.

*

மார்கழி. இரவுகள் குளிர்கின்றன. வேர் மெதுவாகிறது. நீர் குறைவு. உரம் இல்லை.

புதிய இலை வராத வாரங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று ஓர் எண்ணம். அது வருகிறது. சற்று இருக்கிறது.

*

சாடியின் அடித்துளையில் வெள்ளை வேர்.

பெரிய சாடி தேவைப்படலாம். அடுத்த மழைக்காலமும் இதிலேயே போகலாம்.