மண்ணின் ஹக்கு

மழையில் விளைந்த நெல்லுக்குப் பத்தில் ஒன்று, இறைத்து விளைந்ததற்கு இருபதில் ஒன்று ஸகாத். ஏழையின் பங்கு தெளிவு. மண்ணுக்கு நான் கடன்பட்டது எவ்வளவு? பசளையை அள்ளிக் கொட்டினால் அந்தக் கடன் தீராது. எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்) பசளையில் கிட்டத்தட்டப் பாதி குளோரைட். கறியுப்புக்கு நெருங்கிய சொந்தம். அளவு மீறிக் கொட்டினால் மண்ணீர் உப்பேறும், வேரால் நீரை இழுக்க முடியாது, ஈர வயலிலேயே இலை நுனி கருகும். 2004 சுனாமியில் கடல் ஏறிய கல்முனைக் கரையோரத்தில் அந்தத் தாகத்தைக் கண்ணால் கண்டோம். 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியையே நிறுத்தியது. அந்தப் பெரும்போகத்தில் வேளாண்மை மஞ்சளித்தது. அளவு மீறுவதைப் போலவே, அடியோடு மறுப்பதும் மண்ணுக்கு அநீதிதான் என்பேன். ஸூரா அர்ரஹ்மான் வானத்தோடு சேர்த்துத் தராசைப் பற்றியும் பேசுகிறது. காணி உறுதி என் பேரில், வயலோ அமானிதம். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில் இருக்கிறது; அதை எரிப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நான் வரவையிலேயே பரப்பி உழுகிறேன், பிறகுதான் பசளைக் கடைக்குப் போகிறேன்.