தயிர்சாதத்தில் யார் எச்சில்?

ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் மடி பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே எச்சில் என்றால் சும்மா இல்லை. தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். வாயில் பட்ட விரலைக் கழுவாமல் தளிகைப் பாத்திரத்தைத் தொடக்கூடாது. இருக்கட்டும். அந்த வீட்டுச் சாப்பாடு எதில் முடிகிறது? தயிர்சாதத்தில்.

காய்ச்சி ஆறிய பாலில் முந்தின நாள் மோரைக் கொஞ்சம் விட்டு உறை குத்துகிறார்கள். அந்த மோரில் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள். இரவெல்லாம் அவை பாலின் சர்க்கரையைத் தின்கின்றன. தின்று கழித்த அமிலம்தான் பாலைத் தோய வைக்கிறது. நாம் ரசிக்கிற புளிப்பும் அந்தக் கழிவேதான். அவை தின்ற மிச்சத்தை, அவற்றோடு சேர்த்து, உயிரோடு விழுங்கிவிட்டுப் போய்க் கை கழுவுகிறோம். ஆசாரம் கெட்டதாக யாரும் சொல்லவில்லை. வயிறு பிழைத்தது, அதுதான் நடந்தது.

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் வெட்ட, லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் இருக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது தாராளம். பால் மறந்தபின் மெல்லக் குறையும். உலகில் வளர்ந்த மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு இதுதான் கதை. வெட்டுப்படாத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். உப்புசம், கடமுடா, பேதி. உறை குத்திய பாத்திரத்தில் நடக்க வேண்டிய வேலை வயிற்றுக்குள் நடக்கிறது. கடும் வயிற்றுப்போக்கு வந்து குடல் சுவர் புண்பட்டாலும் நொதி கொஞ்ச நாள் குறைந்து, பிறகு திரும்பும். பால் புரத ஒவ்வாமை வேறு சங்கதி. அது நோயெதிர்ப்புச் சக்தி போடும் சண்டை.

விடியற்காலையில் ரங்கநாதரின் விஸ்வரூப தரிசனத்துக்குப் பசுவும் யானையும் வந்து நிற்கும். அந்தப் பசுவுக்கும் கன்றாக இருந்த காலம் கடந்தபின் லாக்டேஸ் வற்றிப்போயிருக்கும். கொடுப்பது அதன் வேலை. குடிப்பது நம் பிடிவாதம்.

அப்படியானால் வளர்ந்த பிறகும் சிலருக்குப் பால் எப்படிச் செரிக்கிறது? மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால். இந்தியாவில் 2,000 பேருக்கு மேல் பரிசோதித்துப் பார்த்ததில், இங்கே பெரிதும் காணப்படும் மாற்றம் ஐரோப்பியர்களிடம் உள்ள அதே மாற்றம் என்றும், ஒரே மூலத்திலிருந்து வந்தது என்றும் தெரிந்தது. பசுவை வெட்டித் தின்பவனும் பசுவைக் கும்பிடுபவனும் பாலைச் செரிப்பது ஒரே எழுத்தின் தயவில்! அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வேறு வேறு எழுத்துகள் மாறி இதே வேலையைச் செய்தன. மாடும் ஒட்டகமும் மேய்த்த கூட்டங்களில் இது பெருகியது. புண்ணியம் செய்தவர் யார், பாவம் செய்தவர் யார் என்று அது பார்க்கவில்லை. 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டெல்லியில் சோதித்தவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான் பால் ஒத்துக்கொள்ளவில்லை. தென்னிந்தியரில் மூன்றில் இருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த மண்ணில்தான் பால் சாத்வீகம், முட்டை தாமசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். டம்ளரைத் தள்ளிவிடும் பிள்ளைக்கு அடம் என்று பெயர் வைக்கிறோம். மூக்கைப் பிடித்து ஊற்றுகிறோம். வயிறு வலிக்கிறது என்றால் பள்ளிக்குப் போகாமல் இருக்கப் பொய் சொல்கிறது என்கிறோம். அதன் குடல் சொல்லும் உண்மையை நம்ப நமக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பால் தப்பு செய்யாது!

பாலை நஞ்சு என்று கிளம்புபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. லாக்டேஸ் குறைந்தவர்களிலேயே பெரும்பாலோர் ஒரு டம்ளர் பாலை, அதாவது சுமார் 12 கிராம் லாக்டோஸை, தொந்தரவில்லாமல் குடித்துவிடுவார்கள். தயிரும் மோரும் இன்னும் சுலபம். பாக்டீரியா சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றிருக்கும், தன் நொதியையும் கூடவே கொண்டுவரும். குடிக்க முடிந்தவர் குடிக்கட்டும். தன் வயிற்றுக்கு ஒத்ததை ஊருக்கெல்லாம் ஒழுக்கமாக்குகிறாரே, அங்கேதான் கேள்வி.

வீட்டுக்குள் இருக்கும்வரை இது ஒரு டம்ளர் தகராறு. அரசாங்கம் கையில் எடுத்தால் ஏழைக் குழந்தையின் தட்டு. 2015இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரலாம் என்ற யோசனையை அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சவுகான் மறுத்துவிட்டு, பாலைக் கொண்டுவந்தார். முட்டையில் துளி லாக்டோஸ் கிடையாது. முதல்தரப் புரதம் அது. அதை விலக்கச் சொன்னது மருத்துவம் அல்ல.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது, ஸ்ரீரங்கம் இருக்கும் இதே திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில். 1989இல் கருணாநிதி ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டை சேர்ந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். யாரும் வாயைத் திறந்து திணிப்பதில்லை. முட்டையை விரட்டிவிட்டுப் பால் டம்ளரை நீட்டுகிற அரசுகள், பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு என்ன எடுத்து வைத்திருக்கின்றன?