முதலில் தொழில், பிறகு டிக்கெட்!

தாய்லாந்துக்குப் போகவேண்டும் என்கிறாய். போ! யார் தடுத்தது?

ஆனால் எப்படிப் போகப்போகிறாய்? ஏஜென்ட் நீட்டுகிற தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டா? அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தா?

வேண்டவே வேண்டாம். ஒரு தொழிலைத் தொடங்கு. உன் ஊரான படப்பையிலேயே தொடங்கு. அது கொடுக்கும் காசில் டிக்கெட் எடு!

“எங்க பரம்பரையில யாரும் வியாபாரம் பண்ணதில்லை. கையில முதல் இல்லை. எனக்கு யாரைத் தெரியும்?”

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது! முதலில் இதைக் கேள்.

தாய்லாந்தின் தெற்கே கிராபி மாகாணத்தில் குவான் லுக் பாட் என்றோர் இடம். அங்கே ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டியிருக்கிறது.

பெரும்பத்தன் என்கிற பொற்கொல்லனின் கல் அது என்கிறார்கள் அறிஞர்கள். காலம் ஏறத்தாழ கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டு.

பொன்னை அந்தக் கல்லில் ஓர் இழுப்பு. விழுந்த கோட்டின் நிறத்தைப் பார்த்து மாற்றைச் சொல்ல வேண்டும். ஒரு கல், ஒரு கண். கடையே அவ்வளவுதான்!

அவனுக்கு எந்த வங்கி கடன் கொடுத்தது? எந்த மாமா அங்கே ஆள் பிடித்துக் கொடுத்தார்?

தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் இடம்பெற்ற மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரை நினை. 1879-ல் பாங்காக் சீலோம் சாலையில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிய வைத்தி படையாட்சியை நினை. உனக்கு முன்னால் எத்தனை பேர்!

இன்னொரு கூட்டத்தையும் நினை. நெஞ்சு பதறுகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தினார்கள். இணைய மோசடிக் கூடங்களில் அடைத்தார்கள்.

2025 மார்ச்சில் அந்தக் கூடங்களிலிருந்து மீண்ட 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் திரும்ப அழைத்து வந்தன. ஏஜென்டின் வார்த்தையை நம்புமுன் அந்த எண்ணை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்!

“அப்போ இருக்கிற வேலையிலேயே இருந்துடறேன். அதுதான் பாதுகாப்பு.”

பாதுகாப்பா? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. உன் ஊரைச் சுற்றி நடந்த கதைதானே இது?

கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு காலத்துக்கும் தொங்கும் என்று யார் சொன்னது?

சரி, பாங்காக்கில் இறங்கி நேராகக் கடை போட்டுவிடலாமா? முடியாது! 1999-ன் வெளிநாட்டவர் தொழில் சட்டம் குறுக்கே நிற்கும். கடையில் நின்று விற்பது, முடி திருத்துவது, சுற்றுலா வழிகாட்டுவது போன்ற வேலைகளும், தனி விதிப்படி, அந்நாட்டவருக்கே.

அங்கே கம்பெனி தொடங்கி ஒரு வேலை அனுமதி வாங்க, பொதுவாக 20 லட்சம் பாட் மூலதனமும் 4 தாய்லாந்து ஊழியர்களும் வேண்டும். பினாமி வைத்து நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை!

பயமாக இருக்கிறதா? நல்லது. பயந்துகொண்டே மேலே படி. வேறு வழி இருக்கிறது.

2024 ஜூலையில் தாய்லாந்து ‘டிடிவி’ விசாவைக் கொண்டுவந்தது. 5 ஆண்டு செல்லும். ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம். 20 வயது நிறைந்திருக்க வேண்டும். கணக்கில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். செய்கிற தொழில் தாய்லாந்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

வெளியே என்றால் அமெரிக்காவா? படப்பையும் வெளியேதான்! திருமுடிவாக்கம் பட்டறை தரும் பணமும் அவர்களுக்கு வெளிநாட்டுப் பணம்தான்! (விதிகள் மாறும். விண்ணப்பிக்கும் அன்று தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள். ஓர் ஆண்டில் 180 நாளை எட்டினால் அங்கே வரிக்கணக்கும் உண்டு.)

5 லட்சம் பாட் என்றால் நம் பணத்தில் 13 லட்சத்தைத் தாண்டும். வாயைப் பிளக்காதே! மாதம் 25,000 மிச்சம் பிடித்தால் நாலரை, ஐந்து ஆண்டு. 40,000 பிடித்தால் மூன்று ஆண்டு போல. மலையா இது?

ஒரகடம் ஆலையில் மெஷின் முன்னால் நின்றவன்தானே நீ? டிராயிங் படிக்கத் தெரியும். மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும். ஆட்டோகேட் கற்றுக்கொள்! பட்டறைகளுக்கு டிராயிங் போட்டுக் கொடு!

கணக்கு தெரிந்தவளா? டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எடுத்துச் செய். எதுவானாலும் ஒரு லேப்டாப்பில் அடங்குகிற தொழிலாகப் பார். நாளை நீ எங்கே போனாலும் அது கூடவே வரவேண்டும்!

சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆரம்பிக்கலாம். காசு கேட்பவன் புரோக்கர், துரத்து!

முதல் இல்லை என்றாயே, காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்தின் படியை மிதித்திருக்கிறாயா? பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத் தொழிலுக்கு 25 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. கேட்டாயா? கேட்காமலே இல்லை என்கிறாயே!

தோற்பாய். முதலில் தோற்கத்தான் செய்வாய்.

முதல் டிராயிங் சிவப்பு மையோடு திரும்பி வரும். ஒரு துளையின் அளவில் 0.05 மில்லிமீட்டர் பிசகியிருக்கும். “இதுகூடத் தெரியாதா?” என்று பட்டறைக்காரர் எரிந்து விழுவார்.

அழு, பரவாயில்லை. அழுதுகொண்டே திருத்து! அன்றிரவே திருத்து! காலை ஷிஃப்ட் தொடங்குமுன் அவர் வாட்ஸாப்பில் இருக்கட்டும்.

ஒருவர் பணத்தை இழுத்தடிப்பார். இன்னொருவர் பேசியதில் பாதிதான் தருவார். அடுத்த வேலைக்கு முன்பணம் கேட்கும் துணிச்சல் அங்கேதான் பிறக்கும். எந்தக் கோர்ஸில் சொல்லித் தருவார்கள் இதை?

“தோத்துட்டா ஊர் சிரிக்குமே?” சிரிக்கட்டும்! ஊரா உனக்கு விசா எடுத்துத் தரப்போகிறது?

இன்றிரவு உத்யம் பதிவை முடி. உனக்குத் தெரிந்த வேலையை ஒரே தாளில் எழுது. கூலி எவ்வளவு என்றும் எழுது, கூச்சப்படாதே!

பட்டறைக்காரர் காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்குவார். ஒன்பது இருபதுக்கே அந்தத் தாளோடு வாசலில் நில்!