கைப்பைக்குள் ஒரு சுழல் துப்பாக்கி

2014ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ஒரு சிறிய சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை 500 கிராம். .32 அளவுத் தோட்டாக்கள் ஆறு கொள்ளும். டைட்டானியக் கலப்பு உலோகத்தால் ஆனது. விலை ரூ. 1,22,360. பெண்ணின் கைப்பையில் அடங்கிவிடும் என்பதே அதன் தனிச்சிறப்பாக எடுத்துரைக்கப்பட்டது. நகைப்பெட்டியை ஒத்த அரக்குநிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். 'நிர்பீக்' என்று பெயர். அச்சமற்றவர் என்பது அதன் பொருள். 2012 டிசம்பர் 16ஆம் நாள் இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்டு, பின்னர் உயிர்நீத்த மாணவிக்கு நாடு சூட்டிய 'நிர்பயா' என்னும் பெயரின் எதிரொலி அது.

இத்தகைய துப்பாக்கியைக் கிறிஸ்தவர் ஒருவர் தம் பாதுகாப்புக்கென வாங்கித் தம்முடன் கொண்டுசெல்லலாமா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் இது அன்றாடக் கேள்வி. கைத்துப்பாக்கியுடன் வெளியே செல்ல விரும்புவோர் அதற்கெனத் தனிக் காரணம் காட்டவேண்டும் என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் நீக்கியது. அங்கே குடியேறியுள்ள நம் மக்களும் அண்டை வீட்டாரைப் பார்த்து இதனை எண்ணத் தொடங்கியுள்ளனர். நம் நாட்டில் உரிமம் பெறுவது எளிதன்று. ஆயினும் நிர்பீக் வந்தபின் கேள்வி நமக்கும் உரியதாயிற்று. கேட்போர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்க்கின்றனர். திருச்சபையின் மரபு அப்படி ஒற்றைச் சொல்லில் பேசியதில்லை.

தொடக்கத்தில் மறுப்பே வலுவாக ஒலித்தது. ஆயுதம் தாங்கிய கள்வன் எதிர்ப்பட்டாலும் அவனைத் திருப்பித் தாக்குவது அன்பைக் கறைப்படுத்தும் என்று புனித அம்புரோசியார் கருதினார். தன்னுயிரைக் காக்கப் பிறனைக் கொல்வதைப் புனித அகுஸ்தினார் ஏற்கவில்லை. பிறரைக் காக்கும் பொறுப்புள்ள போர்வீரரும் அரசு அலுவலரும் மட்டுமே அவருக்கு விதிவிலக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் வேறொரு வாயிலைத் திறந்தார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம்: தன்னுயிர் காக்கப்படுவது ஒன்று, தாக்கியவன் மடிவது மற்றொன்று. முதலாவதை மட்டும் நாடி, தேவைக்கு மிஞ்சாத வன்மையைக் கையாண்டால் அது குற்றமாகாது. பிறன் உயிரைவிடத் தன்னுயிரைப் பேண மனிதன் கூடுதலாகக் கடமைப்பட்டவன் என்றார். கொல்ல வேண்டும் என்றே கொல்வதைத் தனிமனிதருக்கு அவர் ஒருபோதும் அனுமதிக்கவில்லை. இன்றைய மறைக்கல்வி நூலும் இதே நெறியில்தான் நிற்கிறது. நாட்டுச் சட்டமும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பாலியல் வன்முறை, அமிலவீச்சு போன்ற தாக்குதல்களில் தற்காப்புரிமை உயிர்போக்கும் அளவுக்கும் விரியலாம் என்கிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்ற வரம்பையும் விதிக்கிறது.

இத்துடன் நிறைவடைவோர் பலர். நமக்கோ, இங்கேதான் கடினமான பகுதி தொடங்குவதாகத் தோன்றுகிறது. தோமையார் எண்ணிப் பார்த்தது தாக்குதல் நிகழும் அந்தக் கணத்தை. கையில் அகப்பட்டதைக் கொண்டு தடுத்தவர், எதிரி இறந்தபின், 'நான் அவனைக் கொல்ல நாடவில்லை' என்று கூறினால் நம்புகிறோம். துப்பாக்கி வாங்குபவரோ ஆண்டுகளுக்கு முன்பே, அமைதியான மனத்துடன், கடையில் நின்று தேர்ந்தெடுக்கிறார். எத்தனை தோட்டா, எந்த அளவு, எவ்வளவு தொலைவில் பயன்படும் என்று வினவுகிறார். உயிரைப் போக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு கருவியின் திறனை ஒப்புநோக்கும்போது, 'உயிர் போவது என் நாட்டத்திற்குப் புறம்பானது' என்ற சொல் எவ்வளவு தாங்கும்? பயிற்சியாளர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றனர். 'கொல்வதற்காக அன்று, நிறுத்துவதற்காகவே சுடுகிறோம்' என்கின்றனர். தோமையாரைப் படியாமலே அவர் வகுத்த வேறுபாட்டை அவர்கள் கண்டடைந்திருப்பது வியப்புக்குரியது. ஆனால் அதே பயிற்சியில் குறிவைக்கச் சொல்லும் இடம் மார்பின் நடுப்பகுதி. அந்த விடை பொய்யன்று. எனினும் அதை மெய்யாக்குவது குழலோ தோட்டாவோ அன்று, அதை ஏந்துபவரின் உள்ளம். எதிரி ஓடத் தொடங்கிய அந்த நொடியில் விசையிலிருந்து விரலை எடுக்கும் உள்ளம் அவருக்கு உண்டா? அதைக் கடையில் வாங்க இயலாது.

எடை குறைவு என்பதையும் சற்று ஆராய்ந்து பார்க்கலாம். எடை குறைந்தால் சுமப்பது எளிது; சுடுவது கடினம். அதே தோட்டா வெடிக்கும்போது இலேசான துப்பாக்கி கையை வலுவாகப் பின்னுதைக்கிறது. குழல் குறுகியிருப்பதால் குறியில் நேரும் சிறு பிழையும் பெரிதாகிறது. விசையை இழுக்கும் விரலே தோட்டா உருளையைச் சுழற்றிச் சுத்தியலையும் பின்தள்ள வேண்டியிருப்பதால் அதற்குக் கணிசமான வலுவும் தேவை. ஆகவே சிறிய துப்பாக்கிக்கே மிகுந்த பயிற்சி வேண்டும். ஆனால் அதை நாடுவோர் பெரும்பாலும் பைக்குள் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பதற்காகவே நாடுகின்றனர். பயிற்சியற்ற கையில் அது யாரைத் தாக்கும் என்பதற்கு உறுதியில்லை; பேருந்து நிலையத்தில் பின்னால் நிற்கும் குழந்தையும் அந்தக் குழலின் முன் இருக்கிறது. கெத்சமனியில் வாள் வீசிய பேதுரு ஒரு காதைத்தான் வெட்டினார். மீனவரின் கை வாளுக்குப் பழகியதன்று. காதை மட்டும் குறிவைத்து யாரும் வாள் வீசுவதுமில்லை. நான்கு நற்செய்திகளும் அதைக் கூறுகின்றன. வெட்டுண்ட காதை ஆண்டவர் தொட்டு நலமாக்கியதை லூக்கா மட்டுமே குறிக்கிறார். அதே லூக்கா, அன்றிரவு சீடர்களிடம் இரு வாள்கள் இருந்ததையும் மறைக்கவில்லை.

விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில் நாம் அதிகம் வாசிக்காத ஒரு சட்டம் உண்டு. இரவில் கன்னமிடும் திருடன் அடிபட்டு இறந்தால் அடித்தவர்மேல் இரத்தப்பழி இல்லை. கதிரவன் எழுந்தபின் நிகழ்ந்தால் பழி உண்டு. இருளில் வந்தவன் எதற்காக வந்தான் என்று அறிய வழியில்லை. வெளிச்சத்தில் வழியுண்டு, கூவி அழைத்தால் உதவியும் வரும். பொருளுக்காக வந்தவனின் உயிரும் இறைவனின் கணக்கில் இருக்கிறது என்பதை அக்காலத்திலேயே அச்சட்டம் உணர்ந்திருந்தது.

ஆனால் பெண்களைப் பொறுத்தவரை இருளிலிருந்து வரும் அந்நியன் பெரும்பாலும் கற்பனையே. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணப் பணியகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், அயலார், உடன் பணிபுரிபவர். கைப்பை ஆணியில் தொங்கும் வீட்டுக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது. புனித மரிய கொரற்றியை 1902ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் கத்தியால் குத்தியவனும் அதே கட்டடத்தில் குடியிருந்தவனே. அவளுக்கு வயது பதினொன்று. மறுநாள் அவனை மன்னித்து இறந்தாள். அலெசாண்டிரோ செரனெல்லி 27 ஆண்டுகள் சிறையிலிருந்து, மனம் மாறி, கப்புச்சின் துறவியருடன் தங்கி 1970இல் இறந்தான். அன்று அவ்வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்து, யாரேனும் அவனைச் சுட்டிருந்தால், அந்த மனமாற்றத்திற்குக் காலம் இருந்திராது.

இதைச் சொல்லும்போதே நம் நா தயங்குகிறது. கொலைஞனின் மனமாற்றத்திற்கு ஒரு சிறுமியின் உயிரை விலையாகக் கேட்க நமக்கு என்ன உரிமை? மன்னிப்பு அவள் கொடுத்தது. அவளைச் சாகவிட்டது அவள் கொடுத்ததன்று. அவள் இறுதிவரை எதிர்த்துப் போராடினாள் என்பதையும் நம் மறையுரைகள் போதிய அளவு சொல்வதில்லை. ஆபத்தில்லாத அறைக்குள் அமர்ந்து ஆபத்திலிருப்போருக்கு அகிம்சையைப் பரிந்துரைப்பது எளிய அறம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம்கூடக் குருக்கள் ஆயுதம் தரிக்கலாகாது என்று கூறிய அதே மூச்சில், அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்தாலன்றி என்று சேர்த்துக்கொண்டது. குருவுக்கு இடம் தந்த அச்சத்தைக் கடைசிப் பேருந்தில் வீடு திரும்பும் பெண்ணுக்கு மறுப்பது எவ்வாறு?

ஆகவே தகுந்த உரிமத்துடன் ஆயுதம் வைத்திருப்பதைப் பாவமென்று நாம் கூறமாட்டோம். நம் கோபம் வேறிடத்தில் இருக்கிறது. பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கனமான கடமையும் ஆகும் என்று மறைக்கல்வி நூல் சொல்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1995இல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலும் அதையே வலியுறுத்துகிறது. அந்தக் கடமை முதலில் அரசுக்கும் சமூகத்திற்கும் உரியது. தெருவிளக்கு, நேரத்திற்கு வரும் பேருந்து, புகாரைப் பதிவு செய்யும் காவல் நிலையம் ஆகியவற்றைத் தரவேண்டிய அரசே, அவற்றின் இடத்தில் ஓர் அரக்குநிறப் பெட்டியை நீட்டி விலையும் கேட்டால், தன் கடமையைப் பாதிக்கப்பட்டவளின் தோளிலேயே இறக்கிவைக்கிறது. துணிக்கடையில் பகலெல்லாம் நின்று இரவு பத்து மணிக்கு வெளியேறும் நம் பங்குப் பெண்களுக்கு அந்த விலை பல மாத ஊதியம். அவர்களைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து தெருமுனைவரை அழைத்துவர, நம் பங்குகளிலுள்ள ஆண்கள் சங்கங்கள் முறைவைத்துச் செல்லலாம். திருவிழாக் கொடிக்கம்பத்திற்கு ஆள் கிடைக்கும்போது இதற்குக் கிடைக்காதா?

உரிமம் பெற்றவர்களும், வெளிநாட்டில் வாங்க எண்ணுபவர்களும் நம்மிடம் கேட்டால், முதலில் நாம் கேட்பது துப்பாக்கியைப் பற்றியன்று. வீட்டில் குடிப்பவர் யார், கோபத்தில் கைநீட்டுபவர் யார், பிள்ளைகளின் வயது என்ன என்றே கேட்போம். பிறகு, தோட்டாவைத் தனியே பூட்டி வைப்பீர்களா, பயிற்சியை விடாது தொடர்வீர்களா என்போம். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் இறப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை கொலைகள் அல்ல, தற்கொலைகள். எனவே வீட்டில் உள்ளம் சோர்ந்து தூக்கமின்றித் தவிப்பவர் ஒருவர் இருந்தால், அது வேலையிழந்த கணவராயினும் தேர்வில் தோற்ற மகளாயினும், அந்தப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம் என்போம். ஏற்கெனவே வந்திருந்தால், காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வரச் சொல்வோம்.